வயலின் சிலந்தியும் கிணற்றின் சிற்றுயிரும்

நம் முன்னோர் ஒரு கொடிய நோயை 'நரம்புச்சிலந்தி' என்று அழைத்தனர். வெள்ளை நூலைப் போன்ற ஒரு புழு, பெரும்பாலும் காலின் தோலைக் கொப்பளிக்கச் செய்து வெளிவரும். அது ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் வரை இருக்கும். அதை ஒரு சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பார்கள். இடையில் அறுந்துவிட்டால் புண் புரையோடிவிடும். உழவும் நடவும் நடக்க வேண்டிய காலத்தில் குடும்பத் தலைவன் பல வாரங்கள் எழுந்து நடக்க இயலாமல் கிடப்பான். ஊரில் பத்துப் பேருக்கு இந்நோய் கண்டால், அவ்வாண்டு பத்து வீட்டு நிலம் பாழ்படும்.

பழந்தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்குப் புண்கட்டி என்ற பொருளும் உண்டு. ஆகவே பெயர் தவறானதன்று. எனினும் சுவரில் வலை பின்னும் எட்டுக்கால் சிலந்திக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நோயைச் சுமந்து வந்தது, குடிநீரில் வாழ்ந்த மிகச் சிறிய வேறோர் உயிர். அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவினம்.

குற்றம் செய்யாத சிலந்தியைக் கண்டால் நாம் நசுக்குகிறோம். நோயைச் சுமந்த சிற்றுயிரையோ, அது கண்ணெதிரே நீந்தியும், பல தலைமுறைகளாக அறியாமலேயே அருந்தினோம். உயிர்களைச் சரியாக இனம் பிரித்து அறிவது புலவர்களின் பொழுதுபோக்கு அன்று. ஊரின் நீரும் பயிரும் அதனோடு பிணைந்துள்ளன. இக்கட்டுரை அதனையே விளக்க முற்படுகிறது.

கிணற்றில் இருந்த காரணம்

1870-ஆம் ஆண்டில் அலெக்சி ஃபெட்சென்கோ என்னும் ரஷ்ய இயற்கை ஆய்வாளர், நரம்புச்சிலந்திப் புழுவின் குஞ்சுகள் 'சைக்ளாப்ஸ்' என்னும் நீர்ச்சிற்றுயிரின் உடலுக்குள் புகுந்து வளர்வதைக் கண்டறிந்தார். சைக்ளாப்ஸ் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்து நீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், வெண்புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளி நீந்துவதைக் காணலாம். தலையில் ஒரே ஒரு கண் இருப்பதால், கிரேக்கக் கதையில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர் இதற்கு இடப்பட்டது. பெண் உயிரின் வாலருகே இருபுறமும் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும்.

புழுவின் குஞ்சை விழுங்கிய சைக்ளாப்ஸைக் குடிநீரோடு ஒருவர் அருந்தினால், ஏறத்தாழ ஓராண்டில் புழு அவர் உடலில் முழு வளர்ச்சி அடையும். எரிச்சல் தாங்காமல் அவர் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைக்கும்போது, புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். சைக்ளாப்ஸ் அவற்றை உண்ணும். வட்டம் மீண்டும் தொடங்கும்.

இந்த வட்டத்தை அறுப்பதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. காரணத்தை அறிந்ததே மருந்தாயிற்று. 1980-களில் நாடு முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் இந்நோய் இருந்தது. படிக்கிணறுகள், இறங்க இயலாத இறைகிணறுகளாக மாற்றப்பட்டன. அடிகுழாய்கள் போடப்பட்டன. குடிநீரை மெல்லிய துணியில் வடிகட்டும் பழக்கம் வீடுதோறும் கற்பிக்கப்பட்டது. சைக்ளாப்ஸ் துணியில் தங்கிவிடும். நீர் மட்டும் கீழிறங்கும். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோய் அற்ற நாடு என்று அறிவித்தது. 1986-இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 லட்சம் பேரை வாட்டிய இந்நோய், அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 20 பேருக்கும் குறைவானோரிடமே காணப்படுகிறது.

எட்டுக் காலும் ஆறு காலும்

சிலந்தி, இறால், பூச்சி ஆகிய மூன்றும் 'கணுக்காலிகள்' என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. கால்களில் கணுக்கள் இருத்தலும், எலும்பு உள்ளே இன்றி மேலோடே உடலைத் தாங்குதலும், வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றுதலும் இம்மூன்றுக்கும் பொது. இவற்றின் பொது மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலில் வாழ்ந்தது.

இவற்றுள் யார் யாருக்கு நெருங்கிய உறவு? சிலந்தியைப் 'பூச்சி' என்றே நாம் வழக்கத்தில் சொல்கிறோம். ஆனால் சிலந்திக்குக் கால் எட்டு, உணர்கொம்பு இல்லை. பூச்சிக்குக் கால் ஆறு, உணர்கொம்பு ஓரிணை. இறால் குலத்துக்கு உணர்கொம்பு ஈரிணை. 2010-ஆம் ஆண்டில் வெளியான விரிவான மரபணு ஆய்வு ஒன்று, பூச்சிகள் இறால் குலத்திலிருந்தே கிளைத்தவை என்பதை உறுதிப்படுத்தியது. அதாவது, நெல்லைத் தாக்கும் புகையான் இறாலுக்கு நெருங்கிய பங்காளி. அதை உண்ணும் சிலந்தியோ மிக முன்னரே பாகம் பிரிந்து சென்ற தூரத்து உறவு.

பிரிந்து சென்ற சிலந்தியும் இன்றைய வடிவில் ஒரே நாளில் தோன்றவில்லை. மியன்மார் நாட்டில் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரப்பிசின் கல்லாக இறுகிக் கிடைக்கிறது. அதனுள் சிக்கிய ஒரு சிற்றுயிர் 2018-இல் விவரிக்கப்பட்டது. அதற்குச் சிலந்தியைப் போலவே நூல் நூற்கும் உறுப்பு இருந்தது. கூடவே, இன்றைய சிலந்தி எதற்கும் இல்லாத நீண்ட வாலும் இருந்தது. பழையதும் புதியதும் ஒரே உடலில் கூடி நிற்கும் இத்தகைய சான்றுகளைக் கொண்டே, உயிர்கள் படிப்படியாக மாறி வந்த வரலாற்றை அறிகிறோம். இம்மாற்றத்தையே பரிணாமம் என்பர்.

வண்டலில் எழுதிய வரலாறு

பரிணாமம் என்றால் கோடி ஆண்டுகள் வேண்டும் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள்ளேயே அது நிகழ்ந்ததை ஏரி வண்டலில் கண்டனர்.

மழைநீர்க் குட்டைகளில் வாழும் சில சிற்றுயிர்கள், நீர் வற்றும் முன்னர்த் தடித்த ஓடுடைய முட்டைகளை இடுகின்றன. கோடையில் தரை வெடித்துப் பிளந்தாலும் அம்முட்டைகள் மடிவதில்லை. விதை நெல் குதிரில் இருப்பதுபோல அவை சேற்றில் உறங்குகின்றன. முதல் மழைநீர் நின்ற சில நாட்களில், கால்களை மேல்நோக்கி வைத்து மல்லாந்து நீந்தும் மெல்லிய இறால் போன்ற உயிர்கள் நம் நாட்டுக் குட்டைகளிலும் தோன்றுவது இதனாலேயே. மீன் வராத, வற்றும் நீரில் வாழ்வதற்கேற்ப இவ்வியல்பு அவற்றுக்கு அமைந்தது.

டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளும் இவ்வாறே உறங்கும் முட்டைகளை இடும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் எல்லையில் கான்ஸ்டன்ஸ் ஏரி உள்ளது. 1960-களிலும் 1970-களிலும் கழிவுநீர் கலந்ததால் அந்த ஏரியில் நச்சுத் தன்மையுள்ள நீலப்பசும்பாசி பெருகியது. ஏரியடி வண்டல் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிவதால், எந்த அடுக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்று கணக்கிட முடியும். விஞ்ஞானிகள் பழைய அடுக்கு முட்டைகளையும் புதிய அடுக்கு முட்டைகளையும் எடுத்துப் பொரிக்கச் செய்து, நச்சுப்பாசி கலந்த உணவைக் கொடுத்தனர். பாசி பெருகுவதற்கு முந்திய காலத்து நீர்த்தெள்ளுகள் நன்கு வளரவில்லை. பிற்காலத்தவை அவ்வுணவைப் பெரிதும் தாங்கி வளர்ந்தன. 1999-இல் இம்முடிவு வெளியாயிற்று.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நீர்த்தெள்ளுகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. நச்சைச் சற்றுத் தாங்கக்கூடியவை பிழைத்து மிகுதியாகச் சந்ததி பெருக்கின, தாங்காதவை குறைந்தன. நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கு வைக்கும் உழவர் செய்வதை, இங்கே ஏரியின் நிலையே செய்தது. இவ்வாறு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு திசையில் மாறி, ஒன்றோடொன்று இனம் கலவாது போகும்போது புதிய இனங்கள் உண்டாகின்றன.

இனத்துக்கு மூலப்பத்திரம்

இவ்வாறு பிரிந்த இனங்களுக்குப் பெயரிடுவது எவ்வாறு? ஒரு புதிய சிலந்தியைக் கண்டவர் அதைச் சாராயத்தில் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் வைத்து, இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தையும் கண்களின் வரிசையையும் ஆராய்வார். முன்னர்ப் பெயரிடப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, அவற்றுள் எதனோடும் பொருந்தாவிடில் விவரமும் படமும் வெளியிட்டுப் பெயர் சூட்டுவார். அவர் ஆராய்ந்த அதே மாதிரி ஓர் அருங்காட்சியகத்தில் நிலையாகப் பாதுகாக்கப்படும். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, இனத்துக்கு அந்த மாதிரி அப்படி. பிற்காலத்தில் வழக்கு எழுந்தால் அதைப் பார்த்தே தீர்ப்பர்.

சிலந்திகளுக்கு இவ்வாறு முறையாகப் பெயரிடுதல் 1757-இல் ஸ்வீடன் நாட்டில் கார்ல் கிளெர்க் என்பவரால் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டில் பெயர் பெற்ற சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 50,000-ஐக் கடந்தது. நம் சென்னை அருங்காட்சியகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதன் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி 1921-இலும் 1924-இலும், நெல்வயலில் மிகுதியாகக் காணப்படும் இரு சிலந்திக் குடும்பங்களின் இந்திய இனங்களை ஆராய்ந்து எழுதினார். 1995-இல் பாரியன், லிட்சிங்கர் ஆகிய இருவரும் தெற்கு, தென்கிழக்கு ஆசிய நெல்வயல்களின் சிலந்திகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டனர். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் உழுத வயலிலேயே, அதுவரை பெயர் பெறாத இனங்கள் ஏராளமாக இருந்தமையை அந்நூல் காட்டியது.

ஒரு பெயருக்குள் பல இனங்கள்

இனம் பிரித்தறிவதால் விளையும் பயனுக்குச் சைக்ளாப்ஸே சான்று. 1857-இல் பெயரிடப்பட்ட 'மீசோசைக்ளாப்ஸ் லூக்கார்ட்டி' என்னும் ஓர் இனமே ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்வதாக நெடுங்காலம் எண்ணினர். 1981-இல் ஃப்ரீட்ரிக் கீஃபர் என்னும் ஜெர்மன் ஆய்வாளர், உணர்கொம்பின் நுண்முட்களையும் கால்களின் அமைப்பையும் ஒப்பிட்டு, அது ஓரினம் அன்று, பல இனங்கள் என்று நிறுவினார். பல நாடுகளின் பழைய பதிவுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

முள்ளை எண்ணுவதால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். வியட்நாம் நாட்டுக் கிராமங்கள் அதற்கு விடை தந்தன. உருவிற் பெரிய மீசோசைக்ளாப்ஸ் இனங்கள், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த டெங்குக் கொசுப் புழுக்களைப் பிடித்து உண்ணும். சிறிய இனங்கள் பல அவ்வாறு செய்வதில்லை. ஆகவே இனம் தெரியாமல் எதையோ தொட்டியில் விட்டால் பயன் கிட்டாது. வியட்நாமில் தக்க இனங்களைத் தேர்ந்து, 1990-களிலிருந்து பெரிய நீர்த்தொட்டிகளில் விட்டனர். மாணவரும் பெண்டிரும் கூடி, நீர் தேங்கும் உடைந்த கலங்களை அகற்றினர். 2005-இல் வெளியான அறிக்கையின்படி, 37 ஊர்த்தொகுதிகளில் 32-இல் டெங்குக் கொசு அறவே ஒழிந்தது.

ஒரு காலத்தில் நோயைச் சுமந்த குலமே இன்னொரு நோயைத் தடுக்கும் துணையாயிற்று. உயிர்களில் நல்லவை, தீயவை என்று பிறப்பிலேயே பிரிவு இல்லை. எந்த இனம், எந்த இடத்தில், எந்த நிலையில் என்பதே கேள்வி. எனினும் இம்முறையை எவரும் தாமே குடிநீரில் செய்து பார்த்தல் கூடாது. சுகாதாரத் துறையின் பூச்சியியலாளரைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

நெல்வயலின் கூலியில்லாக் காவலர்

இனி வயலுக்கு வருவோம். நெல்லின் தூரடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே விரைந்தோடும் பழுப்பு நிறச் சிலந்தியை உழவர் யாவரும் கண்டிருப்பர். இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை; ஓடி வேட்டையாடும். ஆகவே ஓநாய்ச் சிலந்தி எனப்படுகிறது. பெண் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிச் சுமக்கும்; குஞ்சுகள் பொரித்தபின் அவற்றை முதுகில் ஏற்றித் திரியும். ஜப்பான் முதல் இந்தியா வரை நெல்வயல்களில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று 1906-இல் 'சூடோஅன்னுலேட்டா' என்ற இனப்பெயர் பெற்றது. அது நாளொன்றுக்கு 5 முதல் 15 வரை சிறு பூச்சிகளை உண்ணும். புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் அதன் இரைகளுள் முக்கியமானவை.

புகையானைக் கண்டவுடன் பூச்சிக்கொல்லி தெளிப்பவர், பெரும்பாலும் முதலில் கொல்வது இக்காவலரையே. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் செருகி வைப்பதால், மருந்து அம்முட்டைகளை எளிதில் எட்டுவதில்லை. முட்டைகள் பொரித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை எழும். ஓநாய்ச் சிலந்தி வளர்ந்து முட்டையிடவோ சில மாதங்கள் ஆகும். காவலர் மீண்டு வருமுன் கள்வர் பெருகிவிடுகின்றனர். ஆகவேதான் மருந்து தெளித்த வயலே முதலில் வட்ட வட்டமாகக் காய்ந்து புகைந்தாற்போல் நிற்கிறது.

இந்தோனேசியாவில் இவ்வாறு பேரிழப்பு நேர்ந்தபின், 1986-இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தது. வயலுக்கே சென்று சிலந்தியையும் பூச்சியையும் எண்ணிப் பார்க்கும் பயிற்சி, பின்னர் அங்கே உழவர்களுக்குப் பெருமளவில் அளிக்கப்பட்டது.

கான்ஸ்டன்ஸ் ஏரியில் கண்ட அதே பரிணாமம் நம் வயலிலும் நிகழ்கிறது என்பதை மறத்தலாகாது. ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால், அதைத் தாங்கிய புகையானே பிழைத்துப் பெருகும். நன்கு வேலை செய்த இமிடாகுளோப்ரிட் மருந்தைப் புகையான் தாங்கத் தொடங்கியமை, 2005-ஆம் ஆண்டை ஒட்டி ஆசிய நாடுகள் பலவற்றில் தெரியவந்தது. புதிய மருந்தைத் தேடி ஓடுவது மட்டும் இதற்கு முடிவாகாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துள்ள அளவுகோல் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. வயலில் சிலந்தி இல்லையெனில், தூர் ஒன்றுக்கு 1 புகையான் வந்ததும் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு குத்துக்கு 1 சிலந்தி இருக்குமாயின், தூர் ஒன்றுக்கு 2 புகையான் வரும் வரையில் பொறுக்கலாம். ஒரு சிலந்திக்கு இந்த அளவு மதிப்பு உண்டு என்பதை அறிவியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

படித்ததோடு நில்லாமல், கண்ணால் கண்டு தெளிவதே கல்வி. உழவரும் ஊராட்சி உறுப்பினரும் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. வாரம் ஒருமுறை காலையில் வயலில் இறங்கி, ஆங்காங்கே 20 குத்துகளை மெல்ல விலக்கி, புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ணிக் குறித்துக்கொள்க. மேற்சொன்ன அளவைத் தாண்டாதவரை மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டாம்.

2. அறுவடைக்குப் பின் சிலந்திகள் வரப்புப் புல்லிலும் வைக்கோலிலும் ஒதுங்குகின்றன. ஊரின் எல்லா வரப்புகளையும் ஒரே சமயத்தில் எரித்தலையும், களைக்கொல்லியால் கருக்குதலையும் தவிர்க்க.

3. ஊர்ப் பள்ளி மாணவர்களைக் கொண்டு குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, சைக்ளாப்ஸையும் நீர்த்தெள்ளையும் கைக்கண்ணாடியால் காணச் செய்க. அதே நீரை மெல்லிய துணியில் வடித்து, அவை துணியில் தங்குவதைக் காட்டுக. வடித்த நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் இருக்கக்கூடும் ஆதலால், காய்ச்சியே பருக வேண்டும் என்பதையும் கூறுக.

4. கிராம சபைக் கூட்டத்தில் வேளாண்மை அலுவலரை அழைத்து, தம் ஊர் வயலில் பிடித்த சிலந்திகளை முன்வைத்து விளக்கம் கேட்க.

படிக்கிணற்றை மாற்றியமைத்து நரம்புச்சிலந்தியை ஒழித்தது ஊர்மக்களின் கை. அக்கைக்கு வழிகாட்டியது, 1 மில்லிமீட்டர் உயிரை உற்று நோக்கிய கண். அதே கண்ணை இப்போது வரப்பின் மீதும் வைப்போமாயின், சிலந்தியைக் கண்டதும் ஓங்கும் கை தானே தாழும். வயலும் பிழைக்கும், செலவும் குறையும்.